ஐந்து நோட்டு, ஐந்து சொல்

4.3.1997

கத்திரிக்காரிக்கு,

இங்கே நலம். அங்கேயும் நலம்தானே என்று எழுதுவது வழக்கம். போன கடிதத்தில் தோள்பட்டை வலி என்று எழுதியிருந்தாய், அதனால் அதை எழுதவில்லை. உன் பட்டறையில் எத்தனை அடுக்குத் துணியை ஒரே வெட்டில் வெட்டச் சொல்கிறார்கள்? கூலி ஒரு அடுக்குக்கா, ஒரு வெட்டுக்கா என்று கேட்டுச் சொல். ஏமாற்றுகிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இரண்டு சேதி. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் பக்கத்து வீட்டுப் போனில் பணம் பேசினால் நீ வீடு திரும்புவதற்குள் தெருவே கைமாற்றுக் கேட்டு வாசலில் நிற்கும்.

ஒன்று. முதலாளி கடையை விற்கிறார். வயதாகிவிட்டது, தன் நாட்டுக்கே போகப் போகிறாராம். நான் பெட்டி தூக்க வந்து சேர்ந்த அதே தையல் மிஷின் சாமான் கடை. கடை, சரக்கு, மேல்மாடி அறை எல்லாம் சேர்த்து முப்பத்திரண்டாயிரம், முழுதும் ரொக்கமாக. செக் என்றால் கையாலும் தொடமாட்டார். அடுத்த கடை இரும்பு வியாபாரி நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறான்.

என் கணக்கில் இருந்ததை எடுக்கப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி சீட்டைப் பார்த்தாள். அப்புறம் மேனேஜர் அறைக்கு அனுப்பிவிட்டாள். "இவ்வளவு ரொக்கம் எதுக்கு?" என்றார் அவர். "போடும்போது எதுக்குன்னு யாரும் கேக்கலியே சார்" என்றேன். சிரித்துவிட்டு, மூன்று நாள் கழித்து வரச் சொன்னார். போனால் இருபதாயிரத்தையும் சின்னச் சின்ன நோட்டாகக் கொடுத்தார்கள். ஊசிப் பெட்டியில் அடுக்கி, மேலே நான்கு வரிசை ஊசிப் பாக்கெட் வைத்து, அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தேன். பதினோரு நிமிஷ நடை. திருடன் வந்திருந்தால் முதலில் அவன் கையில்தான் குத்தியிருக்கும்.

முதலாளி இரண்டு தரம் எண்ணி ரசீது கொடுத்துவிட்டார். மீதி பன்னிரண்டாயிரத்தை ஜூன் 25க்குள் கட்ட வேண்டும். தவறினால் கடை இரும்புக்காரனுக்கு, என் இருபதாயிரம் எனக்கு. நியாயமான பேச்சுதான். புரட்டிவிடுவேன். நீ கவலைப்படாதே.

இரண்டாவது சேதி. இந்த அரசாங்கம் பழைய நோட்டை மாற்றுகிறது. ஜூன் 30க்குப் பிறகு பழசு வெறும் காகிதம். நான் அனுப்பியதில் ஒன்றிரண்டு பெட்டியடியில் கிடந்தால் உடனே மாற்றிச் செலவு செய்துவிடு.

ஊசிக்காரன்

15.3.1997

ஊசிக்காரருக்கு,

கூலி அடுக்குக்குத்தான். நான் ஏமாறுகிறவள் இல்லை. தோள் பரவாயில்லை.

ஒன்றிரண்டு இல்லை. கிட்டத்தட்ட எல்லாமே இருக்கிறது.

திட்டுவதற்கு முன்னால் முழுதும் படித்துவிடுங்கள். எல்லாம் உங்கள் புத்திசாலித்தனத்தால் வந்தது. பதினோரு வருஷம் முன்பு முதல் தடவை, ஊருக்கு வந்த யாரோ ஒருவரிடம் உறையைக் கொடுத்தனுப்பினீர்கள். வழியில் எவனும் உருவிவிடக் கூடாது என்று ஐந்து நூறு நோட்டிலும் ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டு, எண்ணுக்குப் பக்கத்தில் மையால் ஒவ்வொரு சொல் எழுதியிருந்தீர்கள். ஐந்தையும் வரிசையாக வைத்தால் ஒரு வாக்கியம். அதை அப்படியே எழுதி அனுப்பினால் பணம் முழுதாக வந்தது என்று உங்களுக்குத் தெரியும். நல்ல வழிதான். நானும் ஒவ்வொரு தடவையும் எழுதி அனுப்பினேன். அப்புறம் நோட்டை என்ன செய்தேன் என்று நீங்கள் கேட்டதே இல்லை.

அந்த முதல் ஐந்தை எடுத்துக்கொண்டு மாற்றப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஆள் சீட்டாட்டம் மாதிரி விரித்துப் போட்டு வாய்விட்டே படித்தான். "நேற்று... கனவில்... உன்... கத்திரி... சத்தம். என்னம்மா இது, நோட்டா, கடுதாசியா?" வரிசையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எழுதின நோட்டு வாங்கமாட்டேன் என்று தள்ளிவிட்டான். அவன் வாங்கியிருந்தாலும் நான் கொடுத்திருக்கமாட்டேன். என் கடிதத்தை எண்ணி டிராயரில் போட அவன் யார்?

அதற்கப்புறம் எங்கேயும் கொண்டுபோகவில்லை. என் சம்பளத்தில் வீடு நடந்தது. அத்தைக்கு வைத்தியமும் அதில்தான் பார்த்தேன். கட்டுக்கட்டாக நூல் சுற்றித் துணிப்பெட்டியில் வைத்திருக்கிறேன். இப்போது உங்களுக்கு ஆகுமென்றால் சொல்லுங்கள்.

கத்திரிக்காரி

27.3.1997

என் அருமை கத்திரிக்காரிக்கு,

உன் கடிதத்தைக் கடையில் நின்றுகொண்டே படித்தேன். பாபின் வாங்க வந்தவர் "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். "என் வீட்டில ஒரு பேங்க் இருக்காம், இப்பதான் தெரிஞ்சுது" என்றேன்.

இருபத்தெட்டுத் தடவை அனுப்பியிருக்கிறேன். தடவைக்கு ஐந்து. நூற்று நாற்பது நோட்டு, பதினாலாயிரம்! நான் இங்கே பன்னிரண்டாயிரத்துக்கு ஒவ்வொருவன் முகமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது என்ன "கிட்டத்தட்ட"? வியாபாரியிடம் கிட்டத்தட்ட என்று சொல்லாதே, உடம்பெல்லாம் அரிக்கிறது.

கோபமில்லை. இல்லை, கொஞ்சம் இருக்கிறது. நான் அனுப்பியது நீ இரண்டு வேளைக்குப் பதில் மூன்று வேளை சாப்பிட. தோள் வலியோடு நீ வெட்டுமேசையில் நிற்பதற்கு இல்லை. போகட்டும், சண்டையை நேரில் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது நான் சொல்கிறபடி செய். முதலில் பத்து நோட்டு மட்டும் கொண்டுபோ. மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று யாரிடமும் மூச்சு விடாதே. பலகையில் எழுதியிருப்பதில் பெரிய எண் அவர்கள் விற்கிற விலை, வாங்குகிற விலை அதற்கும் கீழே இருக்கும். அதைக் கேள். கமிஷன் தனியா, உள்ளடக்கமா என்று கேள். மூன்று இடத்தில் விசாரிக்காமல் கொடுக்காதே. ரப்பர் வைத்து அழிக்காதே, நோட்டு செத்துப்போகும்.

மாற்றிய பணத்தை எனக்கு அனுப்பு என்று கேட்க வெட்கமாக இருக்கிறது. கேட்டுவிட்டேன்.

ஊசிக்காரன்

8.4.1997

ஊசிக்காரருக்கு,

மூன்று இடம் போனேன். பட்டறையில் அரைநாள் சம்பளம் போயிற்று, அதையும் உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

பேங்கில் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எழுதின நோட்டு எடுக்கறதில்லைம்மா, அடுத்தவங்க வாங்க."

இரண்டாவது ஒரு மாற்றுக்கடை. அந்த ஆள் கூட்டாளியைக் கூப்பிட்டுக் காட்டினான். "உன் கடிதம் வந்ததும் கடையை மூடிவிட்டேன்... ஏம்ப்பா, இப்படி ஒருத்தன் கடை நடத்தினா உருப்படுமா?" இரண்டு பேரும் சிரித்துவிட்டுப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார்கள். "சிரிச்சதுக்குத் தனியா கமிஷன் உண்டா?" என்று கேட்டுவிட்டு நோட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்றாவது இடத்தில் ஒரு அம்மாள். படித்துவிட்டுச் சிரிக்கவில்லை. மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "இதை இங்கே விக்காதே தாயி. எந்த நாட்டு நோட்டோ அந்த நாட்டு பேங்க்லதான் முழு விலைக்கு எடுப்பாங்க. அங்க யாராச்சும் இருக்காங்களா?" என்றார். இருக்கிறார் என்றேன்.

ஒன்று கேட்கிறேன். கடையை வாங்கிவிட்டால் நீங்கள் திரும்பி வரப்போவதில்லை, அப்படித்தானே? வாங்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பெட்டி தூக்கின கடைக்கு முதலாளியாவது சின்ன விஷயமில்லை. ஆனால் பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட, வா என்று எனக்கு ஒரு வார்த்தை எழுதினதில்லை நீங்கள். அத்தை இருந்தவரை சரி, அவரை விட்டுவிட்டு நான் வந்திருக்கமாட்டேன். அத்தை போயும் எட்டு வருஷம் ஆகிறது.

எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தவில்லை, அப்படியே அனுப்புகிறேன்.

கத்திரிக்காரி

19.4.1997

கத்திரிக்காரிக்கு,

அந்த அம்மாள் சொன்னது சரி. இங்கே பேங்கில் விசாரித்தேன். எழுதியிருந்தாலும் கிழிந்திருந்தாலும் ஜூன் 30 வரை முழு விலை. இரண்டு நிபந்தனை. பத்தாயிரத்துக்கு மேல் கொண்டுவருகிறவர் விமான நிலையத்தில் தாளில் எழுதிக் காட்ட வேண்டும். காட்டினால் ஒரு பைசா பிடிக்கமாட்டார்கள், மறைத்தால் மொத்தமும் போய்விடும். காட்டினவர் யாரோ, அவரே கவுண்டருக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். அத்துடன் ஒவ்வொரு நோட்டின் நம்பரும், அதில் எழுதியிருப்பதும் பட்டியலாக வேண்டும்.

உன் தம்பி மே கடைசியில் வேலைக்காக இந்தப் பக்கம் வருகிறானாம். அவனிடம் கொடுத்தனுப்பு. முன்பும் இரண்டு மூன்று தடவை அவன்தானே உறை கொண்டுவந்து கொடுத்தான். பட்டியலை மட்டும் முன்கூட்டியே தபாலில் அனுப்பு.

நீ கேட்டதற்கு வருகிறேன். கடை வாங்கினால் திரும்பி வருவது கஷ்டம்தான். பொய் சொல்லமாட்டேன்.

ஆனால் வா என்று எழுதவில்லை என்கிறாயே, அதுதான் ஊசி மாதிரி ஏறிவிட்டது. எழுதினேன். அம்மா போன மறுவருஷம் எழுதினேன். நீ வரமாட்டேன் என்று பதில் போட்டாய். அதுவும் நேராகச் சொல்லாமல், எனக்கு உறைக்கக் கூடாது என்று பக்குவமாக. அதை நான் குற்றமாக எடுத்துக்கொள்ளவே இல்லை. முன்பின் தெரியாத ஊர், உனக்கென்று அங்கே ஒரு வேலை, ஒரு மரியாதை. இரண்டாந்தரம் கேட்டு உன்னைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்றுதான் வாயை மூடிக்கொண்டேன்.

பட்டியல் எழுதும்போது பதினோராவது கட்டை எடுத்துப் படித்துப் பார்.

ஊசிக்காரன்

30.4.1997

ஊசிக்காரருக்கு,

பட்டியல் இதனுடன் இருக்கிறது. நூற்று முப்பத்தெட்டு. நூற்று நாற்பது இல்லை. அந்தக் "கிட்டத்தட்ட" இதுதான்.

பதினோராவது கட்டில் மூன்று நோட்டுதான். ஏழு வருஷமாக மூன்றுதான்.

அந்த உறையைக் கொண்டுவந்தது தம்பி. ஒட்டின இடம் சுருங்கியிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று இருந்தது, நான்கும் ஐந்தும் இல்லை. "எடுத்தியாடா?" என்றேன். "எண்ணிப் பாத்துக்கோக்கா, எனக்கென்ன தெரியும்?" என்றான். "எண்ணிட்டேன். நம்பர் போட்டிருக்கு" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு அழ ஆரம்பித்துவிட்டான். அப்போது அங்கே வேலை போய்த் திரும்பியிருந்தான், இங்கே வாடகை பாக்கி. கன்னத்தில் ஓர் அறை கொடுத்தேன். அப்புறம் என் கையிலிருந்ததையும் கொடுத்தனுப்பினேன். எழுதியிருந்த நோட்டை எவனோ பாதி விலைக்குத்தான் வாங்கிக்கொண்டானாம். திருடியும் நஷ்டம். என்ன சொல் எழுதியிருந்தது என்று கேட்டேன். அவன் படிக்கவே இல்லை.

உங்களிடம் சொன்னால் அவன் முகத்தில் விழிக்கமாட்டீர்கள். எனக்கு இருப்பது ஒரே தம்பி. அதனால் இல்லாத இரண்டு சொல்லை நானே போட்டு எழுதினேன். இருந்த மூன்று: கடைக்கு, மேலே, அறை. அதற்கு முந்தின கடிதத்தில், தூங்குகிற இடத்தில் கால் நீட்டினால் சுவர் இடிக்கிறது என்று புலம்பியிருந்தீர்கள். அதைத்தான் மறுபடி சொல்கிறீர்கள் என்று நினைத்து, "கடைக்கு மேலே அறை ரொம்பச் சின்னது" என்று எழுதி, ஐந்தும் வந்து சேர்ந்தது என்று பொய் சொன்னேன். நீங்கள் ஒன்றும் மறுத்து எழுதவில்லை. சரியாக ஊகித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன், முட்டாள்.

உங்களை ஏமாற்றினது அந்த ஒரு தடவைதான். தம்பியிடம் இந்தப் பணத்தைக் கொடுத்தனுப்பமாட்டேன். இப்போது அவன் நல்லவன்தான், இருந்தாலும் வேண்டாம்.

அந்த இரண்டு சொல் என்ன? எனக்குப் பாதி தெரிகிறது. நீங்களே சொன்னால்தான் நம்புவேன்.

கத்திரிக்காரி

11.5.1997

என் கத்திரிக்காரிக்கு,

உன் கடிதம் வந்ததும் கடையை மூடிவிட்டேன். அந்த மாற்றுக்கடைக்காரன் சிரித்தால் சிரிக்கட்டும்.

ஏழு வருஷம் முன்பு அந்த மேல்மாடி அறையை முதலாளியிடம் பேசி, மூன்று மாத வாடகை முன்பணமாகக் கொடுத்தேன். சுவருக்கு வெள்ளை அடித்தேன். ஜன்னலுக்குத் திரை வாங்கினேன், நீலம். அப்புறம்தான் உனக்கு நோட்டில் எழுதினேன். நீ "ரொம்பச் சின்னது" என்று என் வாக்கியத்தையே மாற்றி அனுப்பினாய். அடடா, எவ்வளவு நாசூக்காக முடியாது என்கிறாள் என்று நினைத்தேன். நான் போட்ட பூட்டையே திருப்பி என் கதவில் பூட்டிவிட்டாள் என்று உள்ளுக்குள் பெருமைகூட. வியாபாரத்தில் ஒருவன் இரண்டு சொல்லை மாற்றிச் சொன்னால் உடனே சரக்கை எண்ணிப் பார்க்கிறவன் நான். உன் விஷயத்தில் எண்ணத் தோன்றவில்லை. அறையில் பாபின் பெட்டிகளை அடுக்கிவிட்டேன்.

நாலு வருஷம் முன்பு நான் ஊருக்கு வந்திருந்தபோது, சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா? "அந்த மேல் அறை இப்ப எப்படி இருக்கு?" நான், "சின்னதுதான்" என்றேன். நீ நூலைப் பல்லால் கடித்து அறுத்தாய். அவ்வளவுதான் நாம் பேசினது. நினைத்தால் என் தலையில் நானே போட்டுக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

நேற்று டேப் வைத்து அளந்தேன். நீளம் பதினாறு அடி, அகலம் பதினொன்று. கிழக்கில் ஜன்னல். எவளும் சின்னது என்று சொல்ல முடியாது. பாபின் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருக்கிறேன், பாதி முடிந்தது. ஜன்னலோரமாக எட்டடி வெட்டுமேசை போட இடம் விட்டிருக்கிறேன். மேசை உயரத்தை நீ வந்து சொல். உன் தோள் வலிக்கு அந்தப் பட்டறை மேசை தாழ்வாக இருப்பதுதான் காரணம். இங்கே வெட்டுகிறவர்களுக்குக் கூலி மூன்று மடங்கு. இதை ஆசை காட்டச் சொல்லவில்லை, விவரத்துக்குச் சொல்கிறேன். இல்லை, ஆசை காட்டத்தான் சொல்கிறேன்.

தம்பியை ஒன்றும் சொல்லாதே. அவன் எடுத்தது இருநூறு. மீதியைத் தொலைத்தது நாம் இரண்டு பேரும்.

மனைவியை அழைத்துக்கொள்ளும் விண்ணப்பத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சிலால் கோடு போட்ட இடங்களில் கையெழுத்துப் போட்டு அங்கேயுள்ள அலுவலகத்தில் கொடு. மூன்று வாரத்தில் கிடைத்துவிடும் என்கிறார்கள். ஜூன் 20க்குள் நீ இறங்கினால் எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கிறது. இறங்காவிட்டால் கடை போகும். போனால் போகட்டும், நான் ஊருக்கு வந்துவிடுகிறேன். யோசித்துச் சொல், அவசரமில்லை. அவசரம்தான்.

உள்ளே புது நோட்டு இரண்டு வைத்திருக்கிறேன். நான்காம் எண், ஐந்தாம் எண். எழுதினால் எந்த ஊரில் என்ன ஆகும் என்று தெரிந்தே எழுதினேன். பதிவுத் தபால்தான். இந்தத் தடவையும் சுருங்கியிருந்தால் தபால்காரனை நானே வந்து கவனித்துக்கொள்கிறேன்.

ஊசிக்காரன்

22.5.1997

ஊசிக்காரருக்கு,

உறை சுருங்கவில்லை. பழையது மூன்று, புதியது இரண்டு, ஐந்தும் வந்து சேர்ந்தது.

கடைக்கு மேலே அறை பார்த்துவிட்டேன் வருகிறாயா.

சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்தத் தடவை ஊகம் இல்லை.

விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். கவுண்டரில் "கணவர் எத்தனை வருஷமா வெளியில இருக்கார்?" என்று கேட்டார்கள். பதினொன்று என்றேன். "இப்பதான் கூப்பிடறாரா?" என்றார்கள். "இல்லை, ஏழு வருஷம் முன்னாடியே கூப்பிட்டார்" என்றேன். சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

தம்பியின் பயணம் தள்ளிப்போய்விட்டது, அதனால் அவன்தான் விமான நிலையம் வரை கூட வருகிறான். டிக்கெட்டில் பாதி அவன் கொடுத்தான். "வட்டியோட வெச்சுக்கோக்கா" என்கிறான். வாங்கிக்கொண்டேன். அவனுக்கும் இறக்கிவைக்க ஓர் இடம் வேண்டுமே. பட்டறையில் சொல்லிவிட்டேன். என் கத்திரியை மட்டும் எடுத்துவருகிறேன். பெட்டியில் போட வேண்டும், கைப்பையில் விடமாட்டார்களாம். மேசை உயரம் முப்பத்தாறு அங்குலம். நான் வந்து சொல்லும்வரை காத்திராமல் போட்டுவையுங்கள். நீலத் திரையைத் தோய்த்துப் போடுங்கள், ஏழு வருஷத் தூசி இருக்கும்.

பணத்தை மறைக்கமாட்டேன், தாளில் எழுதிக் காட்டுவேன். ஆனால் ஒன்று. உங்கள் பேங்கில் நூற்று முப்பத்தைந்துதான் கொடுப்பேன். பதினோராவது கட்டை மாற்றமாட்டேன். ஐந்நூறு குறையும். மூன்று நோட்டு ஜூன் 30க்குப் பிறகு காகிதமாகிவிடும் என்று சொல்லாதீர்கள். எனக்கு அது முதல் நாளிலிருந்தே காகிதம்தான்.

தம்பி சொல்கிறான், அந்த விமான நிலையத் தாளில் "இந்தப் பணம் உங்களுக்கு எப்படி வந்தது?" என்று ஒரு கேள்வி இருக்குமாம். ஒரே வரியில் பதில் எழுத வேண்டுமாம். இரண்டு நாளாக யோசித்து முடிவு செய்துவிட்டேன். "கடிதத்தில் வந்தது" என்று எழுதப் போகிறேன்.

கத்திரிக்காரி